நோன்புக்கு முந்திய நாள்

வத்தேகமவையும் பன்விலவையும் தாண்டி மடுல்கெல்லைக்கு ஏறும் மலைப்பாதையின் இருபுறமும் வாழும் மக்களுக்கு நோன்பு புதிய விஷயம் இல்லை. ஐப்பசியில் கந்தசஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருப்பவர்கள், மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டி மச்சம் மாமிசத்தை விலக்குபவர்கள், தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் உணவைக் குறைக்கும் கத்தோலிக்கர்கள், ரமழானில் ஒரு மாதம் பகல் முழுதும் தண்ணீர்கூட அருந்தாத முஸ்லிம்கள், போயா தினத்தில் சில் எடுத்து நண்பகலுக்குப் பின் உண்ணாத சிங்கள பௌத்தர்கள் என்று, நக்கிள்ஸ் மலைத்தொடரின் இந்தப் பகுதியில் ஆண்டின் எந்த மாதத்திலும் யாரோ ஒருவர் வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டுதான் இருக்கிறார். இத்தனை நோன்புகளுக்கும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய இன்னொன்று உண்டு. யூதர்கள் ஆண்டுக்கு ஒரு முறை அனுஷ்டிக்கும் யோம் கிப்பூர் என்னும் பாவநிவர்த்தி நாள் அது. அதன் பட்டினி கடுமையானதுதான். என்றாலும் நம் பாட்டிமார்களின் சஷ்டி விரதத்தைப் பார்த்தவர்களுக்கு அது பெரிய வியப்பைத் தராது. வியப்புக்குரியது, அந்தப் பட்டினிக்கு முன்னால் வைக்கப்பட்டிருக்கும் ஒரு நிபந்தனை. சக மனிதனுக்கு இழைத்த தவறை அவனிடமே போய்த் தீர்க்காமல் கடவுளிடம் வந்து நிற்காதே என்கிறது அந்த நிபந்தனை. நம்முடைய வீட்டுக்கும் தோட்டத்துக்கும் நாட்டுக்கும் இன்று மிகவும் தேவைப்படுவது இதுதான் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

யூத நாட்காட்டியில் திஷ்ரி மாதத்தின் முதல் நாள் புத்தாண்டு. பத்தாம் நாள் யோம் கிப்பூர். சந்திரனைப் பார்த்து மாதத்தை எண்ணி, சூரியனோடு ஆண்டைச் சரிசெய்துகொள்ளும் நாட்காட்டி என்பதால் அது பெரும்பாலும் நம்முடைய புரட்டாசியிலேயே வரும். அமாவாசைக்குப் பின் நாம் ஒன்பது இரவு நவராத்திரி கொண்டாடிப் பத்தாம் நாளை விஜயதசமி என்கிறோம். அவர்கள் பல ஆண்டுகளில் அதே பிறையில் பத்து நாள் தம்மைத் தாமே விசாரித்து, பத்தாம் நாளில் நோன்பிருக்கிறார்கள். 2024இலும் 2025இலும் விஜயதசமியும் யோம் கிப்பூரும் ஒரே நாளில் வந்தன. முதல் நாள் சூரியன் மறையும் முன்பே நோன்பு தொடங்கிவிடும். மறுநாள் இரவில் நட்சத்திரம் தெரியும்வரை, ஏறத்தாழ 25 மணி நேரம், சோறும் இல்லை, தண்ணீரும் இல்லை. குளியல், வாசனைத் தைலம், தோல் செருப்பு, தாம்பத்தியம் ஆகியவையும் விலக்கு. பலர் வெள்ளை உடுத்துவார்கள். சிலர் உடுத்தும் வெள்ளை அங்கி, இறந்தவருக்குப் போர்த்தும் துணியை ஒத்தது. நாள் முழுவதும் ஐந்து வேளைத் தொழுகை. பிற்பகலில் நினிவே நகரம் மனந்திரும்பிய கதையைச் சொல்லும் யோனாவின் ஆகமம் வாசிக்கப்படும். கடைசித் தொழுகைக்கு வாசல் சாத்துதல் என்று பொருள்படும் பெயர். அது முடியும்போது ஆட்டுக் கொம்பினால் செய்த எக்காளம் நீளமாக ஒலிக்கும். நோயாளிக்கு இந்த நோன்பில் கட்டாயம் இல்லை. உயிருக்கு ஆபத்து என்றால் உண்பதுதான் கடமை. எனக்கு உணவு வேண்டும் என்று நோயாளியே சொன்னால், எத்தனை வைத்தியர் வேண்டாம் என்றாலும் நோயாளியின் சொல்லுக்கே மதிப்பு. உடலை வருத்துவது நோக்கமாக இருந்திருந்தால் இப்படி ஒரு விதி வந்திருக்காது.

இந்த நாள் தொடக்கத்தில் வேறு வடிவில் இருந்தது. லேவியராகமத்தின் 16ஆம் அதிகாரத்தில் அந்தப் பழைய வடிவத்தைக் காணலாம். எருசலேம் ஆலயத்தில் தலைமைக் குரு ஆண்டுக்கு இந்த ஒரு நாளில் மட்டும் மிகப் பரிசுத்தமான உள்ளறைக்குள் நுழைவார். இரண்டு வெள்ளாட்டுக் கடாக்களுக்குச் சீட்டுப் போட்டு, ஒன்றைப் பலியிட்டு, மற்றதன் தலையில் கைவைத்து மக்களின் பாவங்களை அறிக்கையிட்டு, அதை வனாந்தரத்துக்குத் துரத்திவிடுவார்கள். தமிழ் வேதாகமம் அதைப் போக்காடு என்கிறது. நம் ஊர்த் திருவிழாக்களின் பலிக்கடாவை அறிந்தவர்களுக்கு இது தொலைவான சடங்காகத் தோன்றாது. கி.பி. 70இல் ரோமர்கள் அந்த ஆலயத்தை இடித்தார்கள். உள்ளறை போயிற்று, குருவின் பணி போயிற்று, ஆடும் போயிற்று. சடங்கு மட்டுமே உயிர் என்றிருந்தால் அந்த நாளும் அன்றோடு போயிருக்க வேண்டும். போகவில்லை. பலிபீடம் செய்துகொண்டிருந்த வேலையை இனி மனிதர்களே செய்ய வேண்டும் என்று ரபிமார் என்னும் யூத மத ஆசிரியர்கள் எடுத்துக்கொண்டார்கள். பாவத்தைச் சுமக்க ஆடு இல்லாத உலகில், தவறு செய்தவன் தன் காலால் நடந்துபோய் அதை இறக்கிவைக்க வேண்டியதாயிற்று. யூத மதம் செய்த மிகப் பெரிய மாற்றம் இதுதான் என்று நான் கருதுகிறேன்.

கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் சட்டத் தொகுப்பு, இந்த நாளைப் பற்றிய பகுதியின் இறுதியில் பாவத்தை இரண்டாகப் பிரிக்கிறது. மனிதனுக்கும் கடவுளுக்கும் இடைப்பட்ட பாவத்தை யோம் கிப்பூர் தீர்க்கும். மனிதனுக்கும் மனிதனுக்கும் இடைப்பட்டதை, பாதிக்கப்பட்டவனைச் சமாதானப்படுத்தும்வரை அந்த நாள் தீர்க்காது. பாவம் செய்துவிட்டு அப்புறம் வருந்திக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுபவனுக்கு அந்த வாய்ப்பே கிடைக்காது என்பதும் அங்கேயே இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை கழுவிக்கொள்ளலாம் என்றால் மற்ற நாட்களில் துணிந்து அழுக்காகலாம் அல்லவா என்று கேட்பவர்களுக்கு 1,800 ஆண்டுகளுக்கு முன்பே அவர்கள் சொன்ன பதில் இது. 12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த மருத்துவரும் தத்துவ அறிஞருமான மைமோனிடிஸ் இதை நடைமுறைப்படுத்தும் முறையை விரிவாக எழுதினார். திருடியவன் பொருளைத் திருப்பிக் கொடுத்தால் மட்டும் போதாது. மன்னிப்பும் கேட்க வேண்டும். வார்த்தையால் மட்டும் புண்படுத்தியிருந்தாலும் நேரில் போக வேண்டும். அவர் மன்னிக்க மறுத்தால் நண்பர்கள் மூவரை அழைத்துக்கொண்டு மறுபடி போக வேண்டும். அப்படி மூன்று முறை. அதற்குப் பிறகும் இரங்காதவர் மீதே குற்றம் திரும்பும். பாதிக்கப்பட்டவர் இறந்துவிட்டாலோ, பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு அவருடைய கல்லறைக்குப் போய், அவர்கள் காதுபட, நான் இன்னாருக்கு இன்ன தவறு செய்தேன் என்று சொல்ல வேண்டும். கடனாக ஏதாவது இருந்தால் வாரிசிடம் கொடுக்க வேண்டும். முழுமையான மனந்திரும்புதல் எது என்பதற்கும் அவர் ஒரு சோதனை வைத்தார். அதே தவறைச் செய்ய அதே வாய்ப்பு மீண்டும் வந்து, செய்யும் வலுவும் இருந்து, அப்போதும் விலகினால் அதுவே மனந்திரும்புதல். அச்சத்தாலோ தள்ளாமையாலோ விலகியது கணக்கில் அத்தனை உயர்வாக வராது. எபிரேய மொழியில் இதற்கு வழங்கும் சொல்லுக்கே திரும்பி வருதல் என்றுதான் பொருள். மனந்திரும்புதல் என்னும் தமிழ்க் கிறிஸ்தவச் சொல் அந்தப் பொருளை அப்படியே பிடித்து வைத்திருக்கிறது.

விதி எழுதுவது எளிது, நடப்பது கடினம் என்பதையும் அந்த மரபு மறைக்கவில்லை. 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ரவ் என்னும் பெரிய ஆசிரியரைப் பற்றித் தல்மூத் என்னும் யூத நூலில் ஒரு செய்தி வருகிறது. அவர் பாடம் வாசித்துக்கொண்டிருக்கிறார். ஒரு பெரியவர் உள்ளே வருகிறார். மரியாதைக்காக ரவ் முதலிலிருந்து தொடங்குகிறார். இன்னொருவர் வருகிறார்; மறுபடி முதலிலிருந்து. மூன்றாமவர் வந்தபோதும் அப்படியே. கடைசியாக ஹனினா என்னும் ஆசிரியர் வந்தபோது, இன்னும் எத்தனை முறைதான் திரும்பப் போவது என்று அலுத்து, விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்துவிட்டார். ஹனினாவின் மனம் நொந்தது. ரவ் யோம் கிப்பூருக்கு முந்திய நாளில் அவருடைய வாசலுக்கு மன்னிப்புக் கேட்கப் போனார். கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டும் போனார். 13 ஆண்டுகள் போனார். மூன்று முறை போதும் என்ற சட்டம் தெரிந்தவர்தான் அவர். தன்னளவில் அது போதாது என்று நினைத்தார். அடியோ திருட்டோ இல்லை. ஒரு சபையில் ஒருவருக்குக் குறைந்துபோன மரியாதை, அவ்வளவுதான். கல்யாண வீட்டில் தாம்பூலம் வைக்கும் வரிசை மாறியதற்காகத் தலைமுறைக்குப் பேச்சை நிறுத்திக்கொண்ட குடும்பங்களை அறிந்த நமக்கு ஹனினாவின் கோபம் புரியும். ரவ் நடந்த நடையைத்தான் நாம் அதிகம் பார்த்ததில்லை.

இந்த நாளை நம் பக்கத்து மண்ணும் அறிந்திருக்கிறது. மும்பைக்குத் தெற்கே கொங்கணக் கரைக் கிராமங்களில் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்த பெனே இஸ்ரவேலர் என்னும் யூதர்கள் எண்ணெய் ஆட்டும் தொழில் செய்தவர்கள். சனிக்கிழமை செக்கு ஓட்டாததால் ஊரார் அவர்களைச் சனிவார் தேலி, அதாவது சனிக்கிழமை எண்ணெய்க்காரர் என்றே அழைத்தார்கள். எபிரேய மொழியையும் வேத நூல்களையும் பெரும்பாலும் மறந்து மராத்தி பேசிய அந்த மக்கள் யோம் கிப்பூரை மட்டும் மறக்கவில்லை. அதற்கு அவர்கள் வைத்த மராத்திப் பெயர் கதவடைப்புப் பண்டிகை என்று பொருள்படும். வெள்ளை உடுத்தி, வீட்டுக் கதவைச் சாத்தி, வெளியாரோடு கலவாமல் மாலையிலிருந்து மறுநாள் மாலைவரை பட்டினி இருந்தார்கள். மறுநாளுக்கும் தனிப் பெயர் உண்டு. அன்று ஏழைகளுக்குக் கொடுத்து, உறவையும் நட்பையும் போய்ப் பார்த்தார்கள். அவர்களுள் ஒருவரான ஹயீம் சாமுவேல் கேஹிம்கர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய சமூக வரலாற்றில் இந்த வழக்கங்கள் பதிவாகியுள்ளன. புத்தகம் போய், மொழி போய், ஆலயமும் இல்லாத நிலையில் ஒரு சமூகம் எதைக் காப்பாற்றி வைத்தது என்று பாருங்கள். ஒரு நாள் கதவைச் சாத்தித் தனக்குள் இருந்ததையும், மறுநாள் அதே கதவைத் திறந்து அடுத்தவரிடம் போனதையும் காப்பாற்றி வைத்தது.

இனி நம் பக்கம் வருவோம். மன்னிப்பைப் பற்றித் தமிழ் மரபு குறைவாகப் பேசவில்லை. ஆனால் அது பேசியது பெரும்பாலும் மன்னிப்பவரைப் பற்றி. திருக்குறளில் பொறையுடைமைக்கு ஓர் அதிகாரம் உண்டு. தீமை செய்தவன் போய் மன்னிப்புக் கேட்கும் முறைக்கென்று தனி அதிகாரம் இல்லை. பொறுத்துக்கொள்பவரைப் பூமியோடு ஒப்பிட்டுப் போற்றுகிறோம். யாரைப் பொறுத்துக்கொள்கிறார்களோ அவர் என்ன செய்ய வேண்டும் என்று கேட்பது குறைவு. அதனால் சுமை எப்போதும் தாங்குபவர் தலையிலேயே விழுகிறது. வீட்டில் அது பெண்ணின் தலை. தவறை உணர்ந்தவன் கதைகள் நம்மிடம் இருக்கின்றன. அவை எப்படி முடிகின்றன? கண்ணகியின் வழக்கில் தன் தீர்ப்புப் பிழை என்று அறிந்த பாண்டியன் அரியணையிலேயே உயிர் விடுகிறான். புறமுதுகில் புண்பட்ட நாணத்தால் சேரமான் பெருஞ்சேரலாதன் வடக்கிருந்து உயிர் துறக்கிறான். உண்ணா நோன்பு என்றால் நம் பழைய இலக்கியத்தில் முதலில் நினைவுக்கு வருவதே வடக்கிருத்தல்தான். அந்த மானத்தின் உயரத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் பாண்டியன் இறந்ததால் கண்ணகிக்கு என்ன திரும்பியது? மதுரை எரிந்ததுதான் மிச்சம். யோம் கிப்பூரில் நோன்பாளி சவத்துணியை ஒத்த வெள்ளையை உடுத்துகிறார், உண்பதில்லை, ஒரு நாள் இறந்தவர்போல் இருக்கிறார். இரவில் வீடு திரும்பிச் சாப்பிடுகிறார். சாப்பிட்ட கையோடு, நாலைந்து நாளில் வரப்போகும் கூடாரப் பண்டிகைக்கான பந்தலைக் கட்டத் தொடங்குவது பலரிடம் வழக்கம். குற்ற உணர்வு அங்கே சாவில் போய் முடிவதில்லை. அன்றிரவே கையில் ஒரு வேலையைக் கொடுத்துவிடுகிறது.

இது ஒன்றும் யூதருக்கு மட்டும் உரியதல்ல, நம் மண்ணின் மதங்களிலும் இருப்பதுதானே என்று ஒருவர் கேட்கலாம். உண்மை, இருக்கிறது. சகோதரனுக்கு உன்மேல் குறை இருப்பது நினைவுக்கு வந்தால் காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு ஒப்புரவாகு என்று இயேசு சொன்னதாக மத்தேயு எழுதுகிறார், இயேசுவும் யூதரே. அடியார்களின் உரிமையை மீறிய பாவத்தை, உரியவர் மன்னிக்காமல் இறைவன் மன்னிப்பதில்லை என்பது இஸ்லாமிய அறிஞர்களின் போதனை. சமணர்கள் பர்யூஷண நோன்பின் முடிவில் வீடு வீடாகப் போயும், கடிதம் எழுதியும், இப்போது கைபேசியிலும், அறிந்தும் அறியாமலும் செய்த பிழைக்கு மன்னிப்புக் கேட்கிறார்கள். ஆக, விதை எல்லா மண்ணிலும் உண்டு. யூத மரபு அதற்கு நாள் குறித்தது, நடைமுறை எழுதியது, அதைச் செய்யாதவனின் நோன்புக்கு அந்த அளவில் பலன் இல்லை என்றும் சொன்னது. நம் பஞ்சாங்கத்தில் விரதத்துக்கு நாள் இருக்கிறது, அன்ன ஆகாரத்துக்கு விதி இருக்கிறது. ஆனால் சண்டை போட்ட அண்ணன் வீட்டுக்குப் போய்வருவது விரத விதியாக எழுதப்படவில்லை. அதனால்தான் அண்ணனோடு பத்து வருஷம் பேசாதவரும் பக்திச் சிரத்தையோடு காப்புக் கட்டிக்கொள்ள முடிகிறது.

அன்றைய பாவ அறிக்கையிலும் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அது எபிரேய அகரவரிசையில் அமைந்தது. ஔவை அகரவரிசையில் அறத்தைச் சொன்னார். அவர்கள் அகரவரிசையில் பாவத்தை எண்ணுகிறார்கள். சொல்லும்போது ஒவ்வொரு குற்றத்துக்கும் மார்பில் மெல்லத் தட்டிக்கொள்வார்கள். நீளமான பட்டியலில் கணிசமான குற்றங்கள் நாக்கு செய்பவை: புறங்கூறல், பொய், பரிகாசம், வீண் பேச்சு. எல்லாமே பன்மையில் வரும். நான் செய்தேன் என்று இல்லை, நாங்கள் செய்தோம். வட்டி வாங்காதவரும் வட்டிக்காக வருந்துகிறார், திருடாதவரும் திருட்டுக்காக. இது பொறுப்பைக் கரைத்துவிடாதா, எல்லோரும் குற்றவாளி என்றால் ஒருவரும் குற்றவாளி இல்லை என்றாகிவிடாதா என்பது நியாயமான கேள்வி. ஆகிவிடும், இந்தப் பன்மை மட்டுமே இருந்திருந்தால். தனிமனிதர் தம் தவறுக்குத் தாமே, பெயர் சொல்லி, பாதிக்கப்பட்டவர் வாசலில் நின்று கணக்குத் தீர்த்த பிறகு வரும் பன்மை இது. அதன் வேலை வேறு. என் கையால் செய்யாவிட்டாலும் என் கூட்டத்தின் பெயரால் நடந்ததற்கு நான் வெறும் பார்வையாளன் இல்லை என்று அது நினைவூட்டுகிறது. தமிழில் நாம், நாங்கள் என்று இரண்டு பன்மைகள் இருக்கின்றன. நல்லது நடந்தால் நாம் என்று எல்லோரும் சேர்ந்துகொள்கிறோம். கெட்டது நடந்தால் அவர்கள் என்று விலகிவிடுகிறோம். பாதிக்கப்பட்டவரின் முகத்தைப் பார்த்து நாங்கள் செய்தோம் என்று சொல்லும் வாக்கியத்தைத்தான் நம் பொதுவாழ்வில் கேட்பது அரிது.

கண்டி மலைநாட்டுக்கும் யூதர்களுக்கும் வரலாற்றுத் தொடர்பு உண்டு. 1841ஐ ஒட்டி வந்த மொரிஸ், கேப்ரியல் டி வோர்ம்ஸ் சகோதரர்கள், ரோத்சைல்ட் வங்கிக் குடும்பத்தின் பெண்வழிப் பேரர்கள், புசல்லாவையில் காடு வெட்டிக் கோப்பித் தோட்டம் போட்டு அதற்கு ரோத்சைல்ட் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் இன்றும் தோட்டத்தில் நிற்கிறது. இன்னொருவர் லெனார்ட் வுல்ஃப். லண்டன் யூதக் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதிலேயே மத நம்பிக்கையை விட்டவர். யாழ்ப்பாணத்துக்குப் பின் 1907இலும் 1908இலும் கண்டிக் கச்சேரியில் அதிகாரியாக இருந்தார்; போகம்பறைச் சிறையில் நடந்த தூக்குத் தண்டனைகளுக்கு அரசின் சார்பில் நின்று பார்க்க வேண்டியிருந்தது அவருடைய வேலை. திறமையான, கண்டிப்பான அதிகாரி. 1911இல் விடுமுறையில் போனவர் 1912இல் பதவியைத் துறந்தார். தாம் நடத்திய ஆட்சி முறையே தவறு என்று உணர்ந்து, வாழ்நாள் முழுவதும் ஏகாதிபத்தியத்துக்கு எதிராக எழுதினார். சுயாட்சி பெறப்போகும் இலங்கையில் சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பு வேண்டும், சுவிட்சர்லாந்து போன்ற கூட்டாட்சி முறையை யோசிக்கலாம் என்று 1938இலேயே பிரிட்டனின் தொழிற்கட்சிக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்தார். அவர் ஜெப ஆலயத்தில் நோன்பிருக்கும் மனிதர் இல்லை. ஆனால் அதே நாற்காலி காத்திருந்தும் மறுபடி போய் உட்காராமல் விலகிய அந்த முடிவு, மைமோனிடிஸ் வைத்த சோதனையில் தேறும்.

நாற்காலியில் இருந்த மற்றவர்கள்? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இந்த மலைகளில் கொழுந்து பறித்த மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்ணி, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டு, மீதியைப் பிறகு பார்ப்பதாக விட்டது. யாரிடமும் கேட்கவில்லை. ஒரே லயத்தில் அக்காவுக்கு ஒரு நாடு, தம்பிக்கு ஒரு நாடு என்று ஆனது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியவர்களுக்குக் குடியுரிமை தந்தது. திருடிய பொருள் திரும்பியது என்றே வைத்துக்கொள்வோம். மன்னிப்புக் கேட்பது அதில் சேரவில்லை. இதற்கு மாறான இன்னொரு வகையையும் நாடு கண்டது. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே மாத இறுதியில் அவர் கத்தோலிக்க மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். ஆனால் தமக்குத் தெரியாமல் பிறர் செய்த செயலுக்காக என்று சொல்லிக் கேட்டார். இங்கே மன்னிப்பு இருக்கிறது, குற்றம் வேறொருவர் தலையில் இருக்கிறது. மடுல்கெல்லையிலிருந்து இறங்கினால் அதிக தூரமில்லாத திகனயிலும் தெல்தெனியவிலும் 2018 மார்ச்சில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. அவசரகால நிலை பிறப்பிக்க வேண்டியிருந்தது. எரித்த கும்பலில் வெளியூர்க்காரரும் உண்டு, உள்ளூர்க்காரரும் உண்டு. அரசு நட்டஈட்டைக் கணக்கிட்டது. பக்கத்து வீட்டுக்காரன் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவதை எந்த அரசும் அவனுக்காகச் செய்துவிட முடியாது.

இந்தக் கணக்கில் பிறர் நமக்குச் செய்ததை மட்டும் எழுதினால் நாம் பாதியைத்தான் எழுதியவர்களாவோம். 1949இல் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் வந்தபோது அதற்கு ஆதரவாக வாக்களித்த தமிழ்த் தலைவர்கள் இருந்தார்கள். அதனால் தமிழ்த் தலைவர்களிடையே ஏற்பட்ட பிளவில்தான் செல்வநாயகத்தின் தமிழரசுக் கட்சி அந்த ஆண்டு டிசம்பரில் பிறந்தது. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். ஏறத்தாழ 75,000 பேர் நகையையும் வீட்டையும் விட்டு நடந்தார்கள். நான் செய்யவில்லையே என்பது ஒவ்வொரு தமிழரும் உண்மையாகச் சொல்லக்கூடிய பதில். ஆனால் அந்தப் பன்மையில் அமைந்த பாவ அறிக்கை துல்லியமாக இந்தப் பதிலை நோக்கியே பேசுகிறது. நம் பெயரால் நடந்தது அது.

பழைய புண்ணைக் கிளறுவானேன், மறப்போம் மன்னிப்போம் என்பது இதற்கு நாம் அடிக்கடி கேட்கும் மறுப்பு. சமாதானம் வேண்டும் என்ற நல்ல எண்ணத்தோடு சொல்பவர்களும் உண்டு. அந்த இரண்டு சொல்லில் மறதி முதலில் வருகிறது, மன்னிப்பு பிறகு வருகிறது. கேட்பவர் எங்கும் வரவில்லை. யோம் கிப்பூர் இதைத் தலைகீழாக வைக்கிறது. நினைவுதான் முதல் வேலை. பெயர், செயல், இடம் சொல்லாமல் அறிக்கை இல்லை. அதோடு, பாதிக்கப்பட்டவருக்குப் பதிலாக வேறு எவரும் மன்னிக்க முடியாது. நாஜி முகாமில் கைதியாக இருந்த சைமன் வீசந்தால், சாகக் கிடந்த ஒரு நாஜி வீரன் தான் கொன்ற யூதர்களுக்காகத் தன்னிடம் மன்னிப்புக் கேட்டபோது ஒன்றும் பேசாமல் வெளியேறியதாக எழுதினார். இறந்தவர்களின் சார்பில் மன்னிக்கும் உரிமை எனக்கு ஏது என்ற கேள்வி அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை. 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியில் தெருவோரம் உட்கார்ந்திருந்த, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் கேட்டதும் பணத்தை அல்ல, என் பிள்ளைக்கு என்ன ஆனது என்ற பதிலை. அதைச் சொல்லாமல் அவர்களிடம் மறக்கச் சொல்வது, கொடுத்த கடனைப் பத்திரத்தோடு கிழித்துப்போடச் சொல்வதைப் போன்றது. கேட்டால் என்ன நடந்துவிடும் என்பதற்கும் நம் நாட்டில் சான்று உண்டு. 2004 ஜூலை 23ஆம் திகதி ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க, 1983 கலவரத்துக்காக நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். அதனால் போர் நிற்கவில்லை, உண்மை. ஆனால் அரசு அதிகாரத்தின் உச்சியிலிருந்து தமிழர்களை நோக்கி அந்த வாக்கியம் வர முடியும் என்பது அன்று பதிவாகியது.

எல்லாவற்றையும்விடக் கடுமையான மறுப்பு ஒன்று இருக்கிறது. காஸாவில் இத்தனை ஆயிரம் குழந்தைகள் இறந்த பிறகு, இலங்கைப் போரில் நம்மேல் குண்டு வீசிய கிபீர் விமானங்களை விற்ற நாட்டின் மதத்திலிருந்தா நாம் மனந்திரும்புதலைக் கற்க வேண்டும்? இந்தக் கேள்வியின் வலியை நான் தள்ளிவிடவில்லை. இரண்டு விஷயம் மட்டும் சொல்வேன். இந்த விதி அந்த அரசைவிட 1,700 ஆண்டுகளுக்கும் மேல் பழையது. ஆட்சியும் படையும் இல்லாத மக்கள் கொச்சியிலும் கொங்கணத்திலும் பாக்தாத்திலும் அதைக் காத்தார்கள். மற்றது, யோம் கிப்பூர் காலையில் எல்லா ஜெப ஆலயங்களிலும் வாசிக்கப்படும் ஏசாயா தீர்க்கதரிசியின் பகுதி, நோன்பிருந்துகொண்டே வேலையாட்களை ஒடுக்குபவர்களையும் கைமுட்டியால் அடிப்பவர்களையும் நேருக்கு நேர் கண்டிக்கிறது. நுகத்தை உடைத்து, பசித்தவனுக்கு உணவும் வீடற்றவனுக்கு இடமும் கொடுப்பதே நோன்பு என்கிறது. ஓர் அரசின் செயலை அளக்க இதைவிடக் கூர்மையான அளவுகோல் வெளியிலிருந்து வரத் தேவையில்லை. அந்த மக்களுக்குள்ளேயே இந்த வாசகத்தைக் கையில் எடுத்துத் தம் அரசைக் கேள்வி கேட்கும் ரபிமார் இருக்கிறார்கள். அளவுகோலைப் பிடித்திருப்பவன் தவறினான் என்பதற்காக அளவுகோலை எறிந்துவிட்டால், நம்மை அளக்கவும் அது கிடைக்காமல் போகும்.

2026இல் யோம் கிப்பூர் செப்டெம்பர் 20ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை மாலையில் தொடங்குகிறது. அது நம் பண்டிகை அல்ல. நாம் அதைக் கொண்டாட வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் அதற்குப் பின் சில வாரங்களில் நம் கந்தசஷ்டி வந்துவிடும். மடுல்கெல்லையிலும் பன்விலவிலும், கண்டி நகரத்துக் கோயில்களிலும் ஆயிரக்கணக்கானோர் காப்புக் கட்டிக்கொள்வார்கள். வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். காப்புக் கட்டுவதற்கு முந்திய நாளில் ஒரு மணி நேரத்தை ஒதுக்குங்கள். பேச்சு நின்றுபோன ஒரு வீடு உங்களுக்கு நினைவில் இருக்கும். யார் பக்கம் தவறு என்பதும் உள்ளுக்குள் தெரிந்திருக்கும். தவறு உங்கள் பக்கம் என்றால், இன்ன நாளில் இன்னதைச் செய்தேன் என்று பெயர் சொல்லி, போய்க் கேளுங்கள். திருப்பிக் கொடுக்க வேண்டியது ஏதாவது இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். கதவு திறக்காவிட்டால் அடுத்த ஆண்டும் போங்கள்.